கார்பன் மோனாக்சைடு நச்சு: ஜான் ஸ்காட் ஹால்டேனின் வாழ்வும் விமானி அறையின் எச்சரிக்கைக் கருவியும்

கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் சுவையும் அற்ற ஒரு வாயுவாகும். பெட்ரோல், டீசல், விறகு, நிலக்கரி, சமையல் எரிவாயு ஆகியவை போதிய காற்றின்றி எரியும்போது இது உண்டாகிறது. இவ்வாயு மூச்சுக்குழலை உறுத்துவதில்லை. இருமலையோ கண்ணெரிச்சலையோ தோற்றுவிப்பதில்லை. நுரையீரலின் வழியே ரத்தத்தை அடைந்து, ஆக்சிஜனைச் சுமக்க வேண்டிய ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்கிறது. அந்தப் பிடிப்பு ஆக்சிஜனின் பிடிப்பைவிட இருநூறு மடங்குக்கும் மேல் வலியது. எனவே காற்றில் மிகச் சிறிதளவே கலந்திருந்தாலும், நேரம் செல்லச் செல்ல ரத்தத்தில் இதன் பங்கு உயர்ந்துகொண்டே போகும்.

பிஸ்டன் இயந்திரத்தால் இயங்கும் சிறிய விமானங்களில் இந்த ஆபத்து விமானிக்கு மிக அருகில் இருக்கிறது. இயந்திரத்துக்கும் விமானி அறைக்கும் இடையில் ஓர் உலோகத் தடுப்பே உள்ளது. இதனால் சட்டைப்பையில் அடங்கும் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியை விமானி அறையில் வைத்துக்கொள்ளுமாறு விமானப் பாதுகாப்பு அமைப்புகள் அறிவுறுத்துகின்றன. உடல்நலம் வாய்ந்த, நன்கு பயிற்சி பெற்ற ஒரு விமானிக்கு இக்கருவி எதற்கு என்னும் கேள்வி எழலாம். அதற்கான விடையை ஒரு நூற்றாண்டுக்கு முன்பே தம் உடலில் சோதித்துக் கண்டறிந்தவர் ஜான் ஸ்காட் ஹால்டேன் என்னும் உடலியல் அறிஞர். அவருடைய வாழ்வை அறிவது, இந்த நச்சின் இயல்பை அறிவதற்கும் துணைபுரியும்.

காற்றை ஆராய வந்த மருத்துவர்

ஹால்டேன் 1860-ஆம் ஆண்டு மே மாதம் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் பிறந்தார். அவருடைய குடும்பம் கல்வியிலும் பொதுவாழ்விலும் பெயர்பெற்றது. சகோதரர் ரிச்சர்ட் பர்டன் ஹால்டேன் பின்னாளில் பிரிட்டன் அமைச்சரவையில் உயர்பதவிகளை வகித்தார். தாய்மாமன் ஜான் பர்டன் சாண்டர்சன் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் உடலியல் பேராசிரியர். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் பயின்ற ஹால்டேன் 1884-இல் மருத்துவப் பட்டம் பெற்றார். ஆயினும் நோயாளிகளைப் பார்க்கும் தொழிலில் அவர் நீடிக்கவில்லை. மனிதர் சுவாசிக்கும் காற்று எப்படிப்பட்டது என்னும் வினா அவரை ஈர்த்தது.

டண்டீ நகரில் தாமஸ் கார்னெல்லி என்னும் வேதியியல் பேராசிரியருடன் இணைந்து, ஏழைத் தொழிலாளர் குடியிருப்புகளிலும் பள்ளிகளிலும் நிலவிய காற்றை ஆராய்ந்தார். பலர் நெருக்கமாக உறங்கும் சிறு வீடுகளுக்கு இரவில் சென்று காற்று மாதிரிகளைச் சேகரித்தார்கள். கழிவுநீர்க் கால்வாய்களின் காற்றும் சோதிக்கப்பட்டது. நோய்க்குக் காரணம் கெட்ட காற்று என்று பொதுப்படப் பேசப்பட்டுவந்த காலம் அது. காற்றில் எந்தப் பொருள் எவ்வளவு உள்ளது என்று அளந்த பின்னரே அதைக் குறித்துப் பேச வேண்டும் என்பதை ஹால்டேன் தம் வழக்கமாக்கிக்கொண்டார். 1887-இல் ஆக்ஸ்ஃபோர்டுக்குச் சென்று தாய்மாமனின் துறையில் பணியேற்றார். 1891-இல் லூயிசா கேத்லீன் டிராட்டர் என்பவரை மணந்தார். அவர்களுக்கு ஒரு மகனும் ஒரு மகளும் பிறந்தனர். மகன் ஜே. பி. எஸ். ஹால்டேன் மரபியல் அறிஞராகவும், மகள் நயோமி மிச்சிசன் எழுத்தாளராகவும் புகழ்பெற்றனர்.

தம் உடலே சோதனைக்களம்

1895-ஆம் ஆண்டு, மனித உடலில் கார்பன் மோனாக்சைடின் செயலைப் பற்றிய ஆய்வை ஹால்டேன் வெளியிட்டார். அந்த ஆய்வில் சோதனைக்கு உட்பட்டவர் அவரேதான். காற்றில் அளவறிந்து கலந்த கார்பன் மோனாக்சைடைத் தாமே சுவாசித்தார். சிறிது நேரத்துக்கு ஒருமுறை தம் விரலிலிருந்து சில துளி ரத்தம் எடுத்து, ஹீமோகுளோபினில் எத்தனை பங்கை அந்த வாயு பிடித்துவிட்டது என்று கணக்கிட்டார். கார்பன் மோனாக்சைடு கலந்த ரத்தம் செந்நிறம் மிகுந்து தோன்றும். நீர்த்த ரத்தத்தின் நிறத்தைக் கார்மைன் என்னும் சிவப்புச் சாயக் கரைசலோடு ஒப்பிட்டு அளவிடும் முறையை அவர் வகுத்திருந்தார்.

ஒரு சோதனையில் அவருடைய ஹீமோகுளோபினில் ஏறத்தாழப் பாதியளவை அந்த வாயு பிடித்துக்கொண்டது. அமர்ந்திருக்கும்வரை பெரிய துன்பம் தெரியவில்லை. எழுந்து நடக்க முயன்றபோது கால்கள் தடுமாறின; பார்வை மங்கியது; மூச்சு இரைத்தது. தொடக்கத்தில் அவர் உணர்ந்தவை இலேசான தலைவலி, சோர்வு போன்ற எளிய அறிகுறிகளே. உயிருக்கு ஆபத்தான எல்லையை நெருங்கும்போதும் அதற்கு ஏற்ற அச்சமோ வலியோ தோன்றவில்லை. இந்நச்சு மெதுவாகச் சேர்கிறது என்பதும், உழைப்பு மிகுந்தால் பாதிப்பு விரைகிறது என்பதும், பாதிக்கப்பட்டவர் தம் நிலையைச் சரியாக மதிப்பிட இயலாது என்பதும் இச்சோதனைகளால் விளங்கின.

அதே ஆண்டில் அவர் மற்றோர் உண்மையையும் நிறுவினார். உயர் அழுத்த ஆக்சிஜனில் வைக்கப்பட்ட எலிகள், ஹீமோகுளோபின் முழுவதையும் கார்பன் மோனாக்சைடு பிடித்த நிலையிலும் உயிர்வாழ்ந்தன. ரத்தத் திரவத்தில் நேரடியாகக் கரைந்த ஆக்சிஜனே அவற்றைக் காத்தது. கார்பன் மோனாக்சைடின் கொடுமை ஆக்சிஜன் வழங்கலைத் தடுப்பதில் அடங்கியிருக்கிறது என்பதற்கு இது வலிய சான்றாயிற்று. இந்நச்சால் பாதிக்கப்பட்டவருக்கு இன்றும் முதன்மையான சிகிச்சை ஆக்சிஜனே. சாதாரணக் காற்றைச் சுவாசிப்பவரின் ரத்தத்திலிருந்து கார்பன் மோனாக்சைடின் பாதி நீங்க நான்கு முதல் ஐந்து மணி நேரம் ஆகும். முகமூடி வழியே தூய ஆக்சிஜன் அளித்தால் அது ஒன்றரை மணி நேரத்துக்குள் குறைகிறது.

டைலர்ஸ்டவுன் சுரங்கம்

1896-ஆம் ஆண்டு ஜனவரி 27 அன்று தெற்கு வேல்ஸ் பகுதியில் டைலர்ஸ்டவுன் நிலக்கரிச் சுரங்கத்தில் வெடிவிபத்து நேர்ந்தது. 57 பேர் இறந்தனர். சுரங்க விபத்துகளில் மரணத்துக்குக் காரணம் வெடிப்பின் வேகமும் நெருப்புமே என்று அதுவரை பரவலாக எண்ணப்பட்டது. ஹால்டேன் அங்கே சென்று இறந்தோரின் உடல்களையும் சுரங்கத்தில் மாண்ட குதிரைகளையும் ஆராய்ந்தார். பலரின் தோல் இயல்புக்கு மாறான செந்நிறம் பெற்றிருந்தது. ரத்தத்தைச் சோதித்தபோது கார்பன் மோனாக்சைடு மிகுந்திருப்பது தெரிந்தது. பெரும்பான்மையோர் வெடிப்பில் இறக்கவில்லை. வெடிப்புக்குப் பின் சுரங்கப் பாதைகளில் பரவிய நச்சுக்காற்றே அவர்களைக் கொன்றிருந்தது.

இந்த முடிவு அரசுக்கு அறிக்கையாக அளிக்கப்பட்டது. வெடிப்பிலிருந்து தப்பியவர்களைக் காப்பாற்ற இன்னும் வழியுண்டு என்பதே அவ்வறிக்கை உணர்த்திய செய்தி. நச்சுக்காற்று எங்கே இருக்கிறது என்று முன்கூட்டியே அறிய முடிந்தால், உள்ளே இருப்பவர் பாதையை மாற்றிக்கொள்ளலாம். மீட்கச் செல்பவரும் உயிரிழக்காமல் திரும்பலாம்.

முதலில் கெடுவது அறிவு

அக்காலத்தில் நிகழ்ந்த மற்றொரு விபத்து, இந்நச்சு மனத்தை எவ்வாறு மயக்குகிறது என்பதைத் தெளிவாக்கியது. 1897-ஆம் ஆண்டு மே மாதம் ஐல் ஆஃப் மான் தீவில் ஸ்னேஃபெல் ஈயச் சுரங்கத்தில் மரச்சட்டங்கள் எரிந்து, உருவான கார்பன் மோனாக்சைடால் 20 தொழிலாளர்கள் இறந்தனர். விசாரணைக்காகச் சுரங்க ஆய்வாளர் கிளமென்ட் லெ நெவ் ஃபாஸ்டர் உள்ளே இறங்கினார். அங்கே எஞ்சியிருந்த வாயு அவரையும் உடன்சென்றவர்களையும் தாக்கியது. அவர் தம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டே இருந்தார். குடும்பத்தாருக்கு விடைகூறும் சொற்களும், தமக்கு வலியில்லை என்னும் செய்தியும் அந்தப் பக்கங்களில் மீண்டும் மீண்டும் காணப்பட்டன. மேலே ஏறிச் செல்வதற்கான ஏணி அருகிலேயே இருந்தது. அதை நாடிச் செல்லும் எண்ணம் மட்டும் செயலாகவில்லை. பின்னர் அவர் மீட்கப்பட்டு உயிர்பிழைத்தார்.

சுரங்க வாயுக்களைப் பற்றி நாட்டிலேயே மிகுதியாக அறிந்தவர்களுள் ஒருவர் அவர். ஆபத்தை அறிந்திருந்தார், எழுதும் ஆற்றலும் அவரிடம் எஞ்சியிருந்தது. ஆயினும் அறிந்ததைக் கொண்டு செயல்படும் திறனை வாயு பறித்துவிட்டது. இந்த இயல்பே கார்பன் மோனாக்சைடை ஏனைய பல நச்சுகளிலிருந்து வேறுபடுத்துகிறது. தீங்கை உணர்ந்து விலக வேண்டிய மூளையையே அது முதலில் தளர்த்துகிறது.

எலியும் கேனரிக் குருவியும்

உடலின் உணர்வை நம்ப இயலாது என்றால், உடலுக்கு வெளியே ஓர் எச்சரிக்கை வேண்டும் என்னும் முடிவுக்கு ஹால்டேன் வந்தார். எடை குறைந்த வெப்பக்குருதி விலங்குகள் மனிதரைவிட மிக விரைவாகச் சுவாசிக்கின்றன. அவற்றின் ரத்தம் நச்சால் நிறைவதும் விரைவு. மனிதரிடம் அறிகுறி தோன்ற ஏறத்தாழ அரை மணி நேரம் ஆகும் காற்றில், எலி சில நிமிடங்களில் தள்ளாடத் தொடங்கும். எனவே மீட்புப் பணியினர் எலி போன்ற சிறு உயிரினங்களை உடன் எடுத்துச் செல்ல வேண்டும் என்று அவர் பரிந்துரைத்தார். காலப்போக்கில் கேனரிக் குருவியே விரும்பப்பட்டது. எலி சுருண்டு கிடந்தால் அது உறங்குகிறதா மயங்கியதா என்று ஐயுற நேரிடும். குருவி தான் அமர்ந்திருக்கும் குச்சியிலிருந்து விழுவது ஐயத்துக்கு இடமின்றிக் கண்ணுக்குத் தெரியும். தூய காற்றுக்குக் கொண்டுவந்தால் அது பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும்.

பிரிட்டன் சுரங்கங்களில் இப்பழக்கம் பல பத்தாண்டுகள் நீடித்தது. 1986-ஆம் ஆண்டில்தான் குருவிகளை விடுவித்து, கையில் ஏந்தும் மின்னணுக் கருவிகளை அவற்றின் இடத்தில் வைக்கும் முடிவு அறிவிக்கப்பட்டது. இன்றைய கையடக்க எச்சரிக்கைக் கருவியிடம் எதிர்பார்க்கும் பண்புகள் அனைத்தும் அந்தக் குருவியிடம் இருந்தன. அது மனிதரைவிட முந்தியது. மனிதர் செல்லுமிடமெல்லாம் உடன் சென்றது. தேடிப் பார்க்காமலேயே கவனத்தை இழுத்தது.

ஹால்டேன் தம் மகனையும் சிறுவயதிலேயே சுரங்கங்களுக்கு அழைத்துச் சென்றார். ஒருமுறை, கூரையையொட்டி மீத்தேன் வாயு தேங்கியிருந்த இடத்தில் மகனை நிமிர்ந்து நிற்கச் செய்து, ஷேக்ஸ்பியர் நாடகமொன்றின் புகழ்பெற்ற உரையைச் சொல்லச் சொன்னார். சிறுவனுக்கு விரைவில் மூச்சு இரைத்தது. கால்கள் துவண்டு தரையில் விழுந்தான். மீத்தேன் காற்றைவிட இலேசானது. ஆகையால் தரையையொட்டி நல்ல காற்று இருந்தது. சிறுவன் தெளிந்து எழுந்தான். பிள்ளைகளை இவ்வாறு சோதனைக்கு உட்படுத்துவதை இன்றைய அறநெறி ஏற்காது. எனினும் ஆக்சிஜன் குறைவது எத்தனை அமைதியாக நிகழும் என்பதை அந்த மகன் வாழ்நாள் முழுவதும் மறக்கவில்லை.

மலையுச்சியில் கற்ற பாடம்

ஹால்டேனின் ஆய்வுகள் சுரங்கத்தோடு நிற்கவில்லை. லண்டன் நகரின் சுரங்க ரயில்பாதையில் நீராவி இயந்திரப் புகையால் கெட்டிருந்த காற்றை அளந்தார். மூச்சின் வேகத்தைக் கட்டுப்படுத்துவது ரத்தத்திலுள்ள கரியமில வாயுவின் அளவே என்று 1905-இல் பிரீஸ்ட்லி என்பவருடன் சேர்ந்து நிறுவினார். ஆழ்கடலில் மூழ்குவோர் மேலேறும்போது உண்டாகும் நோயைத் தடுக்கும் அட்டவணைகளை 1908-இல் சக ஆய்வாளர்களுடன் வெளியிட்டார். படிப்படியாக நின்று மேலேறும் முறை அதிலிருந்து உலகெங்கும் பரவியது.

1911-இல் அவரும் மூன்று உடலியல் அறிஞர்களும் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ஏறத்தாழ 4,300 மீட்டர் உயரமுள்ள பைக்ஸ் பீக் மலையுச்சியில் பல வாரங்கள் தங்கினர். உயரம் கூடக்கூடக் காற்றழுத்தம் குறைந்து, நுரையீரலுக்குக் கிடைக்கும் ஆக்சிஜனும் குறைகிறது. உடல் அதற்குப் பழக நாட்கள் தேவைப்படுகின்றன. விமானத்தில் ஏறும் ஒருவருக்கு அத்தகைய அவகாசம் கிடைப்பதில்லை.

இந்த ஆய்வும் முன்பு செய்த கார்பன் மோனாக்சைடு ஆய்வும் சிறிய விமானத்தின் விமானி அறையில் ஒன்றுசேர்கின்றன. உயரத்தால் ஆக்சிஜன் ஏற்கெனவே குறைந்துள்ள ரத்தத்தில், எஞ்சியதைச் சுமக்கும் ஹீமோகுளோபினையும் கார்பன் மோனாக்சைடு கவர்ந்துகொள்கிறது. இரண்டு குறைகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகின்றன. தரையில் இலேசான தலைவலியோடு நின்றுவிடக்கூடிய அளவு, உயரத்தில் விமானியின் தீர்மானத்தைக் குலைக்கப் போதுமானதாகலாம்.

போர்க்காலமும் இறுதி ஆண்டுகளும்

1915 ஏப்ரலில் இப்ர போர்முனையில் நச்சுவாயு ஏவப்பட்டபோது, பிரிட்டன் அரசு ஹால்டேனை அங்கே அனுப்பியது. பாதிக்கப்பட்ட வீரர்களை ஆராய்ந்து, ஏவப்பட்டது குளோரின் என்பதை உறுதிப்படுத்தினார். முகக்கவசங்களை உருவாக்கும் பணியில் பங்கேற்றார். நோயாளிகளுக்கு ஆக்சிஜனை முறையாக அளிப்பது குறித்து 1917-இல் எழுதினார். சுரங்கப் பாதுகாப்புக்கான ஆய்வுக்கூடத்துக்கு நீண்டகாலம் தலைமை வகித்தார். 1934-இல் ராயல் சொசைட்டியின் காப்ளி பதக்கம் அவருக்கு வழங்கப்பட்டது. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைத் தொழிலாளருக்கு ஏற்படும் வெப்பத் தாக்கத்தை ஆராயப் பாரசீகப் பகுதிக்குச் சென்று திரும்பிய பின், 1936 மார்ச் மாதம் நிமோனியாவால் ஆக்ஸ்ஃபோர்டில் காலமானார். அப்போது அவருக்கு வயது 75.

அவருடைய மகன் ஜே. பி. எஸ். ஹால்டேன் 1957-இல் இந்தியாவுக்குக் குடிபெயர்ந்து, கல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் பணியாற்றினார். இந்தியக் குடியுரிமையும் பெற்றார். 1964 டிசம்பர் 1 அன்று புவனேஸ்வரில் மறைந்தார். அவருடைய விருப்பப்படி உடல் காக்கிநாடாவிலுள்ள ரங்கராயா மருத்துவக் கல்லூரிக்கு அளிக்கப்பட்டது. தந்தையைப் போலவே மகனும் தம் உடலை அறிவியலுக்குரியதாகக் கருதினார்.

விமானி அறையில் வாயு புகும் வழி

பல சிறிய விமானங்களில், இயந்திரத்தின் சைலன்சரைச் சுற்றி ஓர் உலோக உறை உண்டு. வெளிக்காற்று அந்த உறைக்குள் சென்று சூடாகி விமானி அறைக்கு வருகிறது. சைலன்சரில் மயிரிழை போன்ற விரிசல் விழுந்தாலும், கழிவுப்புகை அந்தச் சூடான காற்றோடு கலந்து உள்ளே வந்துவிடும். இயந்திரத் தடுப்புச் சுவரிலுள்ள துளைகள், கதவின் இடுக்குகள் ஆகியவற்றின் வழியாகவும் வாயு புகலாம்.

1997 டிசம்பரில் அமெரிக்காவில் சிறிய விமானத்தைத் தனியே ஓட்டிச் சென்ற மருத்துவர் ஒருவர், தாம் மயங்குவதை அறியாமலேயே உறங்கிப்போனார். தானியங்கி முறையில் சென்ற விமானம், இறங்க வேண்டிய ஊரைக் கடந்து அடுத்த மாநிலத்தை அடைந்து, எரிபொருள் தீர்ந்து ஒரு வயலில் இறங்கியது. அவர் உயிர்பிழைத்தது அரிய நற்பேறு. சைலன்சரில் விரிசல் இருந்தது பின்னர் தெரியவந்தது. நோய்க்குறிகளைக் கற்றறிந்த மருத்துவரும் தம்மிடம் தோன்றும் குறியை இனங்காண இயலவில்லை.

2019 ஜனவரி 21 அன்று பிரான்சின் நான்ட் நகரிலிருந்து வேல்ஸின் கார்டிஃப் நகருக்குச் சென்ற பைப்பர் மாலிபு விமானம் ஆங்கிலக் கால்வாயில் விழுந்தது. அதில் பயணித்த கால்பந்து வீரர் எமிலியானோ சாலாவும் விமானியும் இறந்தனர். சாலாவின் ரத்தத்தில் 58 விழுக்காடு ஹீமோகுளோபினைக் கார்பன் மோனாக்சைடு பிடித்திருந்தது. விமானியும் அதே வாயுவால் பாதிக்கப்பட்டிருக்கக்கூடும் என்று பிரிட்டன் விசாரணை அமைப்பு முடிவுசெய்தது. ஒலியெழுப்பி எச்சரிக்கும் கருவி எதுவும் விமானத்தில் இல்லை.

அமெரிக்காவில் 1982 முதல் 2020 வரை கார்பன் மோனாக்சைடு நச்சால் நேர்ந்த 31 விமான விபத்துகளை அந்நாட்டின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் இனங்கண்டது. அவற்றுள் 23 விபத்துகளில் 42 பேர் உயிரிழந்தனர். அந்த 31 விமானங்களில் ஒன்றில் மட்டுமே கண்டறி கருவி இருந்தது. அதுவும் ஒலியாலோ ஒளியாலோ எச்சரிக்கும் வகை அன்று. அக்கருவிகளைக் கட்டாயமாக்குமாறு அவ்வாரியம் 2004-இலும் 2022-இலும் பரிந்துரைத்தது. பிரிட்டனில் 2025 ஜனவரி 1 முதல், விமானித் தகுதி இல்லாத பயணிகளை ஏற்றிச் செல்லும் பிஸ்டன் விமானங்களில் எச்சரிக்கும் கருவி கட்டாயமாக்கப்பட்டுள்ளது.

கருவியைத் தேர்ந்தெடுத்தலும் பயன்படுத்தலும்

வாயு பட்டால் நிறம் மாறும் அட்டைகள் மலிவானவை. விமானி தாமே திரும்பிப் பார்த்தால் ஒழிய அவை எதையும் தெரிவிப்பதில்லை. வெயிலாலும் நாள்பட்டதாலும் அவற்றின் திறன் குறையும். மயங்கத் தொடங்கிய ஒருவர் அட்டையை நினைவுகூர்ந்து பார்ப்பார் என எதிர்பார்ப்பது பயனற்றது. உறங்குவதுபோல் சுருண்ட எலியைவிடக் குச்சியிலிருந்து விழும் குருவி மேலானது என்று சுரங்கத்தினர் கண்ட அதே காரணம் இங்கும் பொருந்தும்.

மின்வேதியியல் உணரி கொண்ட கையடக்கக் கருவி காற்றிலுள்ள வாயுவின் அளவை எண்ணாகக் காட்டி, எல்லை கடந்தால் ஒலியும் ஒளியும் அதிர்வும் எழுப்புகிறது. தேர்ந்தெடுக்கும்போதும் பயன்படுத்தும்போதும் பின்வருவனவற்றைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

• வீட்டுக்கான கருவிகள் விமானத்துக்கு ஏற்றவை அல்ல. காற்றின் பத்து லட்சம் பங்கில் 70 பங்கு வாயு இருக்கும்போது நான்கு மணி நேரம்வரை ஒலிக்காமலிருக்க அமெரிக்கத் தரநிலை அவற்றுக்கு இடமளிக்கிறது. விமான அறைக்கு அந்நாட்டு வடிவமைப்பு விதி வகுத்த உச்சவரம்போ 50 பங்குதான். எனவே குறைந்த அளவையும் உடனே காட்டும் கருவி வேண்டும்.

• இயந்திர இரைச்சலும் காதணிக் கருவியும் ஒலியை மறைத்துவிடும். ஆகவே கருவி விமானியின் கண்பார்வையில் இருக்க வேண்டும். ஒளிரும் அல்லது அதிரும் வசதி உடையதாக இருப்பது நன்று.

• ஒவ்வொரு பறப்புக்கு முன்பும் மின்கலத்தைச் சோதிக்க வேண்டும். உணரிக்கும் ஆயுட்காலம் உண்டு. காலம் முடிந்ததும் மாற்ற வேண்டும்.

• எச்சரிக்கை எழுந்தால், உடல் நலமாக இருப்பதாகத் தோன்றினாலும் அதை நம்ப வேண்டும். வெப்பக் காற்றை உடனே நிறுத்தி, வெளிக்காற்றுத் துளைகளைத் திறந்து, ஆக்சிஜன் இருந்தால் அணிந்துகொண்டு, கட்டுப்பாட்டு மையத்துக்குத் தெரிவித்து, அருகிலுள்ள தளத்தில் தரையிறங்க வேண்டும்.

• தரையிறங்கிய பின் மருத்துவரை அணுகி, கார்பன் மோனாக்சைடு வெளிப்பாட்டைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். விரலில் மாட்டும் சாதாரண ஆக்சிமீட்டர் இந்நச்சை இனங்காணாது. கார்பன் மோனாக்சைடு ஏறிய ஹீமோகுளோபினை ஆக்சிஜன் ஏறியதாகவே கருதி, இயல்பான எண்ணைக் காட்டும். தனியான ரத்தப் பரிசோதனையே உண்மையைத் தெரிவிக்கும். கசிவைக் கண்டு சரிசெய்யும்வரை விமானத்தை மீண்டும் இயக்கக் கூடாது.

வெப்பமான ஊர்களுக்கும் இது பொருந்துமா?

விமானி அறையைச் சூடாக்கும் தேவை நம் நாட்டுச் சமவெளிகளில் அரிது. ஆகவே ஆபத்தும் இல்லை என்று சிலர் எண்ணலாம். அது தவறு. 2017 டிசம்பர் 31 அன்று, ஆஸ்திரேலியாவின் கோடைக்காலத்தில், சிட்னிக்கு வடக்கே நீரில் இறங்கும் சிறிய விமானம் விழுந்து ஆறு பேரும் இறந்தனர். இயந்திரப் புகைக்குழாயில் விரிசல்கள் இருந்தன. தடுப்புச் சுவரில் சில திருகாணிகள் இல்லாததால் உண்டான துளைகள் வழியாக வாயு உள்ளே வந்தது என்று அந்நாட்டு விசாரணை அமைப்பு கண்டறிந்தது. நிறம் மாறும் அட்டை விமானியின் கவனத்தை ஈர்க்கும் என நம்ப இயலாது என்றும் அது சுட்டிக்காட்டியது. மாமல்லபுரத்தையொட்டிய கடலோரத்தின் வெப்பமும் இந்நச்சுக்கு எதிரான காப்பாகாது.

விமானம் ஏறாதவருக்கும் ஹால்டேனின் பாடம் தேவை. சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் படாளம் கூட்டுரோடு போன்ற இடங்களில் இரவில் வாகனத்தை ஓரம் நிறுத்தி, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, இயந்திரத்தையும் குளிர்சாதனத்தையும் ஓடவிட்டு உறங்குவது இன்று பலரிடம் காணப்படும் பழக்கம். புகைக்குழாயில் கசிவிருந்தால் அந்த வாகனத்தின் உட்புறமும் சிறிய விமானத்தின் விமானி அறையும் ஒன்றே. 2016 டிசம்பரில் வர்தா புயலுக்குப் பின் நேர்ந்ததுபோல் மின்சாரம் பல நாட்கள் தடைப்படும் காலங்களில், ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ வராந்தாவிலோ சன்னலருகிலோ இயக்கக் கூடாது. அடைத்த அறையில் கரியடுப்பு மூட்டிவைத்து உறங்குவதும் கூடாது. ஒரே அறையில் அல்லது ஒரே வாகனத்தில் இருந்த பலருக்கு ஒருசேரத் தலைவலியும் குமட்டலும் மயக்கமும் தோன்றினால், உணவின் மீது ஐயம் கொள்வதற்கு முன் காற்றின் மீது ஐயம் கொள்ள வேண்டும். அனைவரையும் வெளியே கொண்டுவந்து, 108 எண்ணை அழைக்க வேண்டும்.

தம் அறிவையும் உடலையும் நன்கு அறிந்த ஹால்டேன், இந்த ஒரு வாயுவின் முன் அவ்விரண்டையும் நம்பவில்லை. ஒரு சிறு குருவியின் துணையை நாடினார். இன்று அந்தக் குருவியின் வேலையைச் சட்டைப்பையில் அடங்கும் ஒரு கருவி செய்கிறது. பறப்பதற்கு முன் அதை இயக்கிவைப்பதும், அது ஒலிக்கும்போது தயங்காமல் கீழ்ப்படிவதும் விமானியின் கடமையாகும்.